வியாழக்கிழமை கன்னியப்பன் பாடு

கீசரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அன்றைக்கே ஒப்புக்கொண்டிருந்தால் என் மாமனார் தலையில் சோப்பு நுரையோடு நடுவீட்டில் நின்றிருக்க மாட்டார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் ஆரம்பித்தது வினை. "எங்க வீட்ல கீசர் கீது" என்று யாரும் கேட்காமலே சொல்லிவைத்தேன். (இருந்தது. வேலை செய்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே!) பழவேற்காட்டு ஏரிக்கரையில் போர் போட்டால் பாதிக் கடல்தான் வரும். அந்த உப்பைக் குடித்துக் குடித்து எங்கள் கீசருக்குப் புத்தி பேதலித்திருந்தது. ஒரு நாள் பச்சைத் தண்ணீர் வரும், மறுநாள் தோலை உரிக்கும், இன்னொரு நாள் டீக்கடை டிகாஷன் நிறத்தில் என்னவோ வரும். காயில் போச்சு என்றார் ஒரு மெக்கானிக். தெர்மோஸ்டாட் என்றார் இன்னொருவர். டேங்கே ஓட்டை என்றார் மூன்றாமவர். மூவருக்கும் விவரம் தெரிந்தவன்போல் தலையாட்டினேன்.

மகள் பிறந்து, மனைவி தேவி மீஞ்சூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். மூன்றாம் மாதம் அழைத்துவரப் போனேன். பள்ளிக்கூட கிளார்க்கான என் மாமனார், எங்கள் வீட்டு டிகாஷனில் ஏற்கெனவே ஒருமுறை குளித்தவர்.

"மார்கழிக் குளிரு மாப்ள. கொயந்தைக்கு சுடுதண்ணி ஒழுங்கா வருதான்னு வியாழக்கிழமை நானே வந்து குளிச்சுப் பாக்கறேன். அப்பாலதான் அனுப்புவேன்."

"அடுப்புல ஒரு குண்டான் வெச்சா ஆச்சு, இதுக்கு இன்னாடா?" என்றாள் என் அம்மா, நான் வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னதும். கீசர் இருக்கிறது என்று சபையில் சொன்னவன் குண்டானுக்கு இறங்க முடியுமா? பொன்னேரியில் கீசரை மாத வாடகைக்குத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். புதிதாக வாங்கினாலும் உப்பு தின்றுவிடும். வாடகை என்றால் ரிப்பேரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரே நிபந்தனை, உப்புத் தண்ணீர் விடக்கூடாது. சரி என்று ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன்.

நல்ல தண்ணீர் தெருக்குழாயில் மட்டும்தான் வரும். அதை மாடி டிரம்முக்கு ஏற்ற, ஏரியில் வலை போடும் ஆறு பேரைக் கூப்பிட்டேன். குடம் குடமாக ஏற்றினார்கள். வலை இழுக்கக் கை கொடுத்தவனுக்குப் பங்கு உண்டு என்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த வாய்ப்பழக்கத்தில், ஒரு மரியாதைக்கு, "உங்களுக்கும் பங்கு உண்டுண்ணே" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர்கள் அதை மரியாதைக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை. விடியற்காலையில் இடுப்பளவு ஏரித்தண்ணீரில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்குச் சுடுதண்ணீர் கசக்குமா? ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். அதேபோல் என் பாத்ரூமுக்கும் பாடு வைத்து, மீன்கூடையில் ஏழு சீட்டுப் போட்டார்கள். ஆறு நாள் அவர்களுக்கு, ஞாயிறு எனக்கு. (சொந்த வீட்டில் ஒரு நாளாவது கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன்.)

வியாழக்கிழமை மாமனார் வந்தார், குளிக்கப் போனார். "நல்லா சூடா வருது மாப்ள!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நேரம் தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாகக் கன்னியப்பன் அண்ணன் வந்து நின்றார். சீட்டில் வியாழன் அவருக்கு விழுந்திருந்ததை மாமனார் வரும் பரபரப்பில் மறந்தே போயிருந்தேன்.

"இன்னாபா, என் பாடு நாளுல உள்ள யாரு?"

"மாமனாருண்ணே."

"மாமனாரா இருந்தா இன்னா? பாடு பாடுதானே?"

வேறு ஊர்க்காரனாக இருந்தால் "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றிருப்பான். எனக்கு மூளை குழம்பிவிட்டது. மாமனார் பெரியவரா, பாடு பெரியதா? அடுத்தவர் நாளில் இறங்குவதைவிடப் பெரிய குற்றம் எங்கள் ஊரில் கிடையாது. என் கை தானாகப் போய்க் கதவைத் தட்டியது.

"மாமா, கொஞ்சம் வெளிய வாங்க. இன்னிக்கு நம்ம பாடு இல்ல."

"இன்னாது இல்ல?"

"நம்மளுது ஞாயித்துக்கிழமை மாமா."

கதவு திறந்தது. இடுப்பில் துண்டு, தலையில் நுரை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மாமனார் வெளியே வந்தார். "வணக்கம் நைனா" என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் கன்னியப்பன் அண்ணன் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். மாமனார் கொல்லையில் அம்மா ஊற்றிய பச்சைத் தண்ணீரில் நுரையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பெண்டாட்டியும் போச்சு, பிள்ளையும் போச்சு என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

மத்தியானம் தேவி போன் செய்தாள். சிரிப்பு அவளுக்கு அடங்கவே இல்லை.

"நைனா தும்மிக்கினே கீறாரு. சுடுதண்ணி நல்லாத்தான் வந்துச்சாம். அவருக்குத் தண்ணி மேல கோவம் இல்ல, உன் மேலதான். நம்ம பாடு எந்த நாளு?"

"ஞாயிறு."

"அப்ப ஞாயித்துக்கிழமையே வந்துடறேன்."

சொன்னபடி வந்தாள். அன்றைக்குக் குழந்தையைக் கீசர் தண்ணீரில் குளிப்பாட்டினோம். மற்ற ஆறு நாளும் அடுப்பில் அம்மாவின் குண்டான்தான்.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கீசர் எப்போதோ பொன்னேரிக்குத் திரும்பிவிட்டது. மாமனார் மட்டும் எப்போது வந்தாலும், கை கழுவுவதற்குக்கூட, தோளில் துண்டோடு நின்று, "இன்னிக்கு யார் பாடு மாப்ள?" என்று தெருவே கேட்கும்படி விசாரிக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். என் கண் மட்டும் இன்னமும் தன்னால் காலண்டருக்குப் போகிறது.