கோவேறு சாரின் அப்பா பங்கு

குழந்தை பார்க்கப் போன வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு அதன் அப்பாவின் காது மடலைத் தடவிப் பார்த்த மனிதர் புதுச்சேரியில் மட்டுமல்ல, உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கோவேறு சார்.

எழுபதுகளில் நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தோம். அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். பாடம் எதுவானாலும் கழுதையிடம் வந்து நிற்பார்.

"அப்பா கழுதை, அம்மா குதிரைன்னா கோவேறு கழுதை. இப்ப திருப்பிப் போடு. அப்பா குதிரை, அம்மா கழுதை. அதே ரெண்டு சாதிதான். ஆனா பொறக்கறது வேற மாதிரி இருக்கு. ஏன்?"

யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. மணி அடித்துவிடும்.

நேரில் பார்த்தே தீருவதென்று ஒரு நாள் ஜட்கா வண்டிக்காரர் ஒருவரிடம் போய், அவருடைய குதிரைக்குச் சலவைக்காரர் வீட்டுக் கழுதையைச் சம்பந்தம் பேசினார். நானும் கூட நின்று தொலைத்தேன். வண்டிக்காரர் நிதானமாகப் பீடியை அணைத்தார்.

"படிச்சவரா போயிட்டீங்க சார். வேற யாராச்சும் கேட்டிருந்தா சாட்டைதான் பேசியிருக்கும். என் குதிரைக்கு ஊர்ல ஒரு பேரு இருக்கு."

'அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கு' என்று யாராவது சொன்னால் போதும், சாருக்குப் பொறுக்காது. "எத வெச்சு சொல்றே? அப்பா பங்கு எது, அம்மா பங்கு எது, காட்டு" என்று மல்லுக்கு நிற்பார். பிரின்சிபாலின் பேரனைப் பார்க்கப் போனபோதுதான் அந்தக் காது மடல் விவகாரம். பிள்ளையையும் அப்பனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஒத்து வரலியே" என்று சொல்லிவிட்டார். பிரின்சிபால் அதற்குப் பிறகு எங்கள் இருவரோடும் பேசவில்லை. நான் என்ன பாவம் செய்தேன்?

ஆனால் இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவருடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். மகன் வயிற்றில் இருக்கும்போதே சைகோனுக்குக் கப்பலேறியவர் திரும்பவில்லை. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அம்மாவைக் கேட்டால் ஒரே பதில்தான்: "அந்த ஆளு உனக்கு ஒரு வேள கஞ்சி ஊத்துனவன் இல்ல. அவன் மூஞ்சி எப்படி இருந்தா உனக்கென்னா?"

சார் கண்ணாடி முன்னால் நின்று தாடையைத் தடவிக்கொண்டே கேட்பார். "இதுல ஏதாச்சும் ஒண்ணு அவரோடதா இருக்கணுமில்ல?"

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் கல்லூரி நூலகத்துக்கு வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று வந்தது. படித்த மாத்திரத்தில் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மூலக்குளத்திலிருந்த தன் வீட்டுக்கு விரட்டினார். அம்மா எங்கள் இருவருக்கும் சோறு போட்டார். சார் சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"அம்மா, எலியில ரெண்டு பங்கும் அம்மாவோடதாவே வெச்சு கரு உண்டாக்கிப் பாத்திருக்காங்க. குட்டி வளர ஆரம்பிக்குது, நஞ்சுக்கொடி தேறல. செத்துப்போவுது. சில ஜீன் அப்பாகிட்டேர்ந்து வந்தாத்தான் முழிச்சிருக்குமாம். அதே ஜீன் அம்மாகிட்டேர்ந்து வந்தா தூங்கிடும். சிலது அப்படியே நேர்மாறு. நஞ்சுக்கொடிய வளக்கறதுல அப்பா பங்குக்குத்தான் வேல அதிகம்."

"அதுக்கு?"

"உன் வயித்துல எனக்கு சோறு வந்த வழிய அவரு பங்கும் சேர்ந்துதாம்மா கட்டியிருக்கு."

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. "எலிக்குத்தானே சொல்லியிருக்காங்க?"

"நமக்கும் அப்படித்தாம்மா இருக்கும்."

அம்மா மிளகு ரசத்தை ஊற்றினார். மகன் சாப்பிடுவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கும் சாப்புடறப்ப மூக்கு நுனியில வேர்க்கும்."

கோவேறு சார் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். துடைக்கவில்லை. தட்டை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா."

சட்டியில் ரசம் தீர்ந்திருந்தது. எனக்கென்று தம்ளரில் ஊற்றி வைத்திருந்ததை, வாய்கூட வைக்காமல், அவர் பக்கம் நகர்த்தினேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.