காஜா மாமாவின் கரி டிரம்

சோம்பேறித்தனத்தால் நான் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. ஒரு மனுஷனின் பெயரைக் கெடுத்தது, நான் மிகவும் சுறுசுறுப்பாக இருந்த ஒரு வாரத்தில்தான்.

அப்போது மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். தாராவியில் எங்கள் சந்திலேயே அவ்வளவு தூரம் படித்தவள் நான்தான் (இதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன்). காலையில் ஒரு மணி நேரம் முனிசிபாலிட்டித் தண்ணீர் வரும். மற்ற நேரமெல்லாம் போர்வெல் தண்ணீர். அதில் லேசாகப் பெயிண்ட் வாடை அடிக்கும். தோல் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருந்த காஜா மாமா, யாரும் கேட்காமலே ஒரு டிரம்மில் பதப்படுத்திய கரியை நிரப்பிக் குழாயோடு பொருத்தினார். வாடை போய்விட்டது. ஜனங்கள் அதைக் குடிக்கவே ஆரம்பித்தார்கள்.

நான் விடுவேனா? மூக்குக்கும் நாக்குக்கும் தெரியாத துளி ரசாயனத்தையும் கல்லூரி மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். டிரம்முக்குள் போகும் முன் ஒரு பாட்டில், வெளியே வந்த பின் ஒரு பாட்டில் பிடித்துப் போய் மெஷினில் ஓட்டினேன். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் அது ஒரு கோடு வரையும். இரண்டு வரைபடத்திலும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரு கோடு பனைமரம்போல நின்றது. (முதல் படத்தில் இருந்த குட்டிக் குட்டிக் கோடுகள் இரண்டாவதில் இல்லை. பனைமரத்தைப் பார்த்தவள் புல்லைப் பார்ப்பாளா?)

அது என்ன ரசாயனம் என்று தெரியும்வரைகூடப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்துக் கூட்டத்தில் எழுந்து, "கரி ஒண்ணையும் பிடிக்கல. உள்ள போற வெசம் அப்படியே வெளிய வருது" என்றேன்.

"அது எங்கேருந்து வருதுன்னு நான் சொல்லுதேன்" என்றாள் எதிர்வீட்டுச் செல்வி அக்கா. "பாய் பட்டறைப் பசைய மண்ணுல ஊத்துதாரு. நாத்தம் தெரியாம இருக்க டிரம்ம வச்சிருக்காரு."

நான் அப்படிச் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை. (கைதட்டல் வந்துகொண்டிருந்தது.)

காஜா மாமா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "நல்லாப் பாத்தியா தாயி?"

"மெஷின் பொய் சொல்லாது மாமா."

அன்று மாலையே டிரம்மைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். குடித்துப் பழகியவர்கள் கரி இல்லாமலும் குடித்தார்கள். அடுத்த வாரம் நோன்பு தொடங்கியது. அவர் வீட்டுக் கஞ்சியைப் பாதிச் சந்து வாங்கவில்லை.

பிறகுதான் வரைபடங்களை என் பேராசிரியை சாரதா மேடத்திடம் பெருமையாக நீட்டினேன்.

"வெறும் சுத்தத் தண்ணிய ஓட்டிப் பாத்தியோ?"

பார்க்கவில்லை. அப்போதுதான் ஓட்டினேன். அதிலும் அதே பனைமரம்.

மேடம் என் கையைப் பிடித்து முகர்ந்தார். "கொசு க்ரீம் தடவிண்டு வந்தியாடி?"

தினமும் முழங்கை வரை தடவுவேன். (கையுறை போடவில்லையா என்கிறீர்களா? போட்டேன். அதையும் அதே கையால்தான் மாட்டினேன்.) பனைமரம் என் கை க்ரீம். அத்தனை நாளும் நான் அளந்தது என்னைத்தான். தண்ணீரில் இருந்த விஷம் அந்தக் குட்டிக் கோடுகள். கரி அவற்றை ஒழுங்காகப் பிடித்துவைத்திருந்தது.

நேரே பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொல்லி அழுதேன். காஜா மாமா தோலை வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்ன. இன்னைக்கு எங்கிட்ட மட்டும் சொல்லுத."

வீடு வீடாகப் போனேன். பாதிப் பேருக்குக் கொசு க்ரீம் கதை புரியவில்லை. புரிந்தவர்கள் சிரித்தார்கள், நம்பவில்லை. செல்வி அக்கா கதவைப் பாதி திறந்து, "பாய் சொல்லிக்குடுத்து அனுப்பினாரா?" என்றாள்.

மறு வருஷம் பட்டறையைக் காலி செய்துகொண்டு அவர் கல்யாண் பக்கம் போய்விட்டார். சந்தில் இன்றும் போர் தண்ணீர்தான், பெயிண்ட் வாடையோடு.

இப்போது செம்பூரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் நான் யாரையாவது குறை சொல்ல வாயெடுத்தால் போதும், தங்கை என் கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். அம்மா மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். காஜா மாமாவின் மனைவி அவளுக்கு இருபது வருஷச் சிநேகிதி.