அபராதக் காக்காவின் தகரம்

கல்முனையில் அவருக்குப் பயப்படாத பெரிய மனிதர் ஒருவரும் இல்லை. அவர் பயப்படாத பொருள் ஒன்றும் இல்லை.

பஜாரில் சாரன் துணிக் கடை வைத்திருந்தார். கட்டையான ஆள், நல்ல பாரம். சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருந்தது. அதை யாரும் வாசித்ததில்லை. அபராதக் காக்கா என்றால்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

இலங்கையில் போர் தொடங்கிய எண்பதுகளின் நடுப்பகுதி. ஊரில் தொண்டு செய்கிற சங்கம் ஒன்று இருந்தது. டொக்டர், நீர்ப்பாசன எஞ்சினியர், பள்ளிக்கூடத்து ஆட்கள், கடைக்காரர்கள். முஸ்லிம்களும் இருந்தார்கள், தமிழர்களும் இருந்தார்கள். கண் பரிசோதனை வைப்பார்கள். வெள்ளம் வந்தால் அரிசி கொடுப்பார்கள். வியாழக்கிழமைதோறும் மத்தியான ளுஹர் தொழுகை முடிந்ததும் பஜாரில் ஒரு மேல்மாடியில் கூடிச் சாப்பிடுவார்கள். சமைத்தவன் நான்.

கூட்டத்தைச் சிரிப்பாக வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும் என்பது அவர்கள் சட்டம். பிழை பிடிப்பதும் அபராதம் போடுவதும் அந்த ஆளின் வேலை. வேறு ஊர்களில் காசு வாங்குவார்களாம். காக்கா காசைத் தொடமாட்டார்.

"காசைக் குடுத்துப்போட்டு எழும்பிப் போயிருவானுகள். சாமானைப் பறிச்சாத்தான் முடியுமட்டும் இரிப்பானுகள்" என்பார்.

அதற்காகப் பெரிய பிஸ்கட் தகரம் ஒன்று வைத்திருந்தார். மூடியுள்ள சதுரத் தகரம். பிழை செய்தவர் கையில், காலில், சட்டைப் பையில் இருப்பதில் ஒன்று அதற்குள் போகும். கூட்டம் முடிந்து மணி அடித்த பிறகுதான் தகரம் திறக்கும்.

எஞ்சினியர் சாப்பிடும்போது வாய்க்கால் கதை கதைத்தார். காலில் கிடந்த ஒரு சப்பாத்துப் போனது. ஒன்றுதான். மற்றக் காலோடு இருந்து இரண்டாம் முறை சோறு வாங்கினார். தலைவர் கொட்டாவி விட்டார். கழுத்துப் பட்டி போனது. கறியில் உப்புக் கூடினது என்று என் அகப்பையையும் பறித்தார். அன்று முழுக்கச் சிரட்டையால் பரிமாறினேன்.

ஒருமுறை கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் பேச வந்தார். கையில் பதினாறு பக்கத் தாள். நாலாவது பக்கத்தில் காக்கா மணியை அடித்தார்.

"ஐயா, சோறு ஆறுது. கண்ணாடியைக் கழட்டுங்க."

மனிதர் சிரித்துக்கொண்டு கழற்றினார். தகரத்துக்குள் போனது. பிறகு தாளைத் தூரத்தில் பிடித்தார், கிட்டப் பிடித்தார். ஓர் எழுத்தும் தெரியவில்லை. "இத்துடன் முடித்துக்கொள்கிறேன்" என்றார். அவ்வளவு கைதட்டலை அந்த மண்டபம் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட ஆள்தான் இடி இடித்தால் கடைக்குள் துணிக்கட்டுகளுக்கு இடையில் போய் இருப்பார். நாய்க்குப் பயம். ஆஸ்பத்திரி வாசனைக்குப் பயம். காக்கிச் சட்டைக்கு எல்லாவற்றையும் விடப் பயம். தபால்காரன் காக்கியோடு வந்தால் கடையின் பின்பக்கம் போய்விடுவார். கடிதத்தைப் பக்கத்துக் கடைக்காரர்தான் வாங்கி வைப்பார்.

பயம் அவருக்கு மட்டும் இல்லை. அது பயந்த காலம். காலையில் வெளிக்கிட்டவர் பின்னேரம் வீடு வருவாரா என்று தெரியாது. ஒரு சைக்கிள் டயர் வெடித்தால் தெருவில் கடைகள் பூட்டும். யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. வியாழக்கிழமை இரண்டு மணித்தியாலம் சிரிக்க வருவார்கள். சிரித்துவிட்டு, கூட்டமாகவே படி இறங்குவார்கள்.

கீழே சீருடைக்காரர்களின் ஜீப் போனால் மண்டபம் வாய் மூடும். கை சோற்றில் நிற்கும். அப்போது காக்கா மேசைக்குக் கீழே இருப்பார். மணி அடித்துவிடக் கூடாதென்று அதன் நாக்கை இறுக்கிப் பிடித்திருப்பார்.

ஒருநாள் டொக்டர் குனிந்து பார்த்தார். "காக்கா, ஜீப் போயிற்று. வெளியில வாங்க."

"எந்தப் பக்கம் போன?"

"அக்கரைப்பற்றுப் பக்கம்."

"மறுகா கிறுகித் திரும்பி வந்தா?"

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசைக்குக் கீழே இருந்து ஒரு கை வெளியே வந்தது.

"சிரிச்ச நீங்க. குழாயைத் தாங்க."

இதயம் பார்க்கிற குழாய் தகரத்துக்குள் போனது.

நான் சொல்ல வந்தது வேறொரு வியாழக்கிழமை.

சங்கத்தில் கணக்கு மாஸ்டர் ஒருவர் இருந்தார். தமிழர். வீடு நாவிதன்வெளிப் பக்கம். சைக்கிளில் வயல் பாதையால் வந்து போவார். தண்ணீரைக் கடக்கிற தாம்போதிப் பாலத்தில் சீருடைக்காரர்களின் காவல் ஒன்று இருந்தது. மண்மூட்டைகள், சுடத் தயாரான துவக்குகள். அடையாள அட்டை காட்டினால் விடுவார்கள். காட்டாதவரை விடமாட்டார்கள். அப்படி நிறுத்தியவர்களை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அன்று மாஸ்டர் பத்து நிமிடம் பிந்தி வந்தார். காக்கா படியிலேயே மறித்தார்.

"பள்ளிக்கூடத்தில சோதனை எழுத வச்சன், காக்கா. புள்ளயளை விட்டுட்டு வர ஏலாமப் போச்சு."

"நியாயம் கேக்கல்ல நான். சாமான்."

"பேனை போன கிழமையே தந்தேனே. அண்டைக்கு எடுத்துப் போக மறந்துட்டன்."

"பையில என்ன இரிக்கி?"

மாஸ்டர் பையைத் தடவினார். பிளாஸ்டிக் உறையில் போட்ட அடையாள அட்டை ஒன்றுதான் இருந்தது. எடுத்து நீட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சாப்பாடு முடிவதற்குள் எஞ்சினியரின் ஒற்றைச் சப்பாத்து, தலைவரின் பட்டி, டொக்டரின் குழாய் எல்லாம் அன்றும் அந்த அட்டையோடு தகரத்துக்குள் போயின. கடைசி இனிப்பாக வட்டிலாப்பம் வைத்துக்கொண்டிருந்தேன். மேற்கே எங்கேயோ பெரிய சத்தம். கண்ணாடி யன்னல் ஆடியது. அடுத்த நொடி கீழே கடைக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துச் சாத்தப்பட்டன. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மணி அடிக்கவில்லை. எஞ்சினியர் ஒற்றைச் சப்பாத்தோடு படி இறங்கினார். நான் தாச்சிச் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பியபோது மண்டபத்தில் ஒருவரும் இல்லை.

மேசைக்குக் கீழே ஒருவர் இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் காக்கா வெளியே வந்தார். தொப்பியைச் சரிசெய்தார். தகரத்தைத் திறந்து பார்த்தார். மாஸ்டரின் அடையாள அட்டையைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"சேர்ர காட்டு இஞ்ச கிடக்கு."

"ஓம்" என்றேன்.

"தாம்போதியில கேப்பானுகளே."

"ஓம்."

"ஓம் ஓம் எண்டுறாய். அந்த மனிசன் இப்ப என்ன செய்யிற?"

நான் கையைத் துடைத்தேன்.

"நீ கொண்டு போய்க் குடுத்திட்டு வாகா. ஒனக்கு சைக்கிள் இரிக்கி" என்றார்.

நான் சாரனை மடித்துக் கட்டினேன். இரண்டு படி இறங்கியிருப்பேன். பின்னால் தகரம் கிலுகிலுத்தது.

"நில்லுகா. பறிச்சது நான்."

பின் இருக்கையில் ஏறினார். ஒரு கையால் தகரத்தை நெஞ்சோடு பிடித்தார். மறுகையால் என் சட்டையின் முதுகைப் பிடித்தார். வெள்ளைத் துணி காட்டினால் சுடமாட்டார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வெள்ளையாக இருந்தது என் மேசைவிரிப்பு ஒன்றுதான். அதைத் தோளில் போட்டிருந்தார். அதில் பாதி கறி.

தெரு வெறுமை. ஊர் முடிந்து வயல் வந்தது. நெல் பச்சையாக நின்றது. எருமைகள் தலை தூக்கிப் பார்த்தன. காக்கா குர்ஆன் ஓதிக்கொண்டு வந்தார். நடுவில் நிறுத்துவார். "எதில விட்டெ நான்?" என்பார். எனக்கும் தெரியாது. முதலில் இருந்து தொடங்குவார். தாம்போதி வரும்வரை முடிக்கவில்லை.

மாஸ்டர் அங்கேதான் இருந்தார். மண்ணில் உட்கார்ந்தபடி, வெயிலில், இரண்டு கையும் தலையில். சைக்கிள் வாய்க்காலுக்குள் கிடந்தது. எங்களைக் கண்டார். தலையை அசைக்கவில்லை. கண்ணால் மட்டும் போகச் சொன்னார்.

சீருடைக்காரர்கள் நாலு பேர். பெரியவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"நில்! எங்க போறது?"

காக்காவுக்கு வாய் திறக்கவில்லை. கை மட்டும் வேலை செய்தது. தகரத்தை நீட்டி மூடியில் கை வைத்தார்.

நாலு துவக்கும் நிமிர்ந்தன.

"துறக்க வேணாம்! வை! கீழ வை!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குண்டு வெடித்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. நாங்கள் மூடிய தகரத்தோடு வந்து நிற்கிறோம்.

காக்கா தகரத்தைத் தெருவில் வைத்தார். என்னைப் பின்னுக்கு விரட்டினார்கள். நாலு பேரும் மண்மூட்டைக்குப் பின்னால் படுத்தார்கள். நானும் படுத்தேன். காக்காவை மட்டும் தகரத்துக்கு முன்னால் நிற்க வைத்தார்கள்.

"இப்ப துற. ஒண்டு ஒண்டா எடு. மேல காட்டு."

அவர் குனிந்தார். தகர மூடி ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் கேட்காததால் திறந்தேன். காக்கா ஒரு சப்பாத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"யார்ட சப்பாத்து?"

"எஞ்சினியர்ட, ஐயா, மஹத்தயா."

"மத்தச் சப்பாத்து எங்க?"

"அவர்ர கால்ல."

மூட்டைக்குப் பின்னால் நாலு தலையும் ஒன்றையொன்று பார்த்தன.

"அடுத்தது."

கழுத்துப் பட்டி வந்தது. பேனை வந்தது. டொக்டரின் குழாய் வந்தது. அதை வயர் என்று நினைத்து ஒருவன் திரும்பவும் தலையைத் தாழ்த்தினான். கடைசியாக அட்டை வந்தது.

பெரியவன் எழும்பி வந்தான். அட்டையை வாங்கினான். படத்தைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான்.

"இது இவன்ட. உன்கிட்ட எப்பிடி?"

"அபராதம், மஹத்தயா. குத்தம் செய்தவங்கட சாமானைப் பறிக்கிற. விளையாட்டுக்கு."

"ஆ. குத்தம்." அவன் முகம் இறுகியது. "இவன் என்ன குத்தம் செஞ்சது?"

மாஸ்டரின் முகம் வெளிறியது. குத்தம் என்ற அந்த ஒரு சொல் போதும், அவரை ஜீப்பில் ஏற்ற. காக்காவுக்கும் அது தெரிந்தது. பெரியவனை நிமிர்ந்து பார்த்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஒண்டும் செய்யல்ல" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "புள்ளயள்ர சோதனை முடிச்சிட்டு வந்தார். அது குத்தமில்ல. காட்டைப் பறிச்ச நான். குடுக்க மறந்த நான். குத்தம் முழுக்க என்ட."

சொல்லிவிட்டு நடந்து போனார். யாரும் போகச் சொல்லவில்லை. மாஸ்டருக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தூக்கித் தலையில் வைத்தார். தொப்பி நசிந்தது.

பெரியவன் இருவரையும் பார்த்தான். தெருவில் கிடந்த ஒற்றைச் சப்பாத்தைப் பார்த்தான். மற்றவர்களிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். ஒருவன் சிரித்தான். பிறகு மற்றவர்களும். பெரியவன் சிரிக்கவில்லை. அட்டையை மாஸ்டரின் மடியில் போட்டான்.

"போ. ரெண்டு பேரும் போ."

மாஸ்டர் எழும்பினார். காக்கா எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை. நானும் மாஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிச் சைக்கிளில் வைத்தோம். சாமான்களை நான் பொறுக்கித் தகரத்தில் போட்டேன். பேனையை மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் வாய்க்காலில் இருந்து தன் சைக்கிளை இழுத்தார். அவர் வீடு தாம்போதிக்கு அங்கால். எங்கள் வழி இங்கால்.

"காக்கா, வாற வியாழன் நேரத்துக்கு வந்துருவன்" என்றார். சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை.

காக்கா அவர் கையைப் பிடித்தார்.

"பிந்தி வாங்க, சேர். எவ்வளவு எண்டாலும் பிந்தி வாங்க. ஆனா வாங்க."

மாஸ்டர் தாம்போதியில் ஏறிப் போனார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவர் வெள்ளைச் சட்டை தெரியும்வரை காக்கா என்னை மிதிக்க விடவில்லை.

வழியெல்லாம் என் முதுகுச் சட்டையைப் பிடித்த பிடி மட்டும் இருந்தது. வீட்டு வாசலில் இறங்கினார். இறங்கியும் சட்டையை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.