பாசஞ்சர் அண்ணாச்சி மேலகரத்தில் நின்ற கதை

எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவதோடு நின்ற படிப்பு. தென்காசியில் ஓர் அச்சகத்தில் தாள் மடித்து, தைத்து, பசை தடவிக் காலம் தள்ளியவள். மற்றவர்கள் எழுதியதை மடித்துத்தான் எனக்குப் பழக்கம். நான் எழுதியதை நீங்கள் மடித்து வைத்துவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன்.

ஆனாலும் ஒன்றை அடித்துச் சொல்வேன். எங்கள் வட்டாரத்திலேயே காரணம் இல்லாமல் ஓடிய முதல் மனிதர் பாசஞ்சர் அண்ணாச்சிதான்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் ஓர் ஆள் ஓடினால் பஸ் கிளம்பிவிட்டது, இல்லாவிட்டால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். அண்ணாச்சி எங்கள் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்குகிற வேலை. நெடுந்தூர ஓட்டம் பற்றி எதிலோ வந்த துணுக்கைப் படித்துவிட்டு, ஒரு விடியற்காலையில் காக்கி அரை டவுசரோடு குற்றாலம் ரோட்டில் இறங்கிவிட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார்கள்.

"என்ன அண்ணாச்சி, யாரு தவறிட்டா?"

"யாரும் தவறல. சும்மா ஓடுதேன்."

"சும்மாவா? வெளிய சொல்ல முடியாத சங்கதியோ?"

வழியில் ஒரு பெரியவர், துக்க வீடு எது என்றே தெரியாமல், தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்துகொண்டார். யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் அவருக்கு வந்த கோபத்தைப் பார்த்தால், அண்ணாச்சிதான் அவரை ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும்.

பாசஞ்சர் என்று பெயர் வைத்தது அவருடைய மனைவி. எங்கள் பக்கத்து வீடு. நான் மதினி என்று கூப்பிடுவேன். "இது என்ன ஓட்டம்? பாசஞ்சர் வண்டி மாதிரில்லா எல்லா ஸ்டேசன்லயும் நின்னு போறாரு" என்பாள். அப்படி நிற்க வைத்ததே அவள்தான். "சும்மாதான ஓடுதீய" என்று சொல்லிப் பால் வாங்கத் தூக்குவாளியைக் கையில் கொடுத்தாள். அப்புறம் இலஞ்சியில் சித்தி வீட்டுக்கு முறுக்கு, வரும்போது கீரை. பால் தளும்பாமல் ஓடிப் பழகியதில், அவருக்கு இடுப்புக்குக் கீழேதான் ஓட்டம் இருக்கும். மேல் பாதி போட்டோவுக்கு நிற்கிறவர் மாதிரி அசையாமல் வரும்.

வேலையிலும் ஓட்டம் புகுந்துவிட்டது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று வர வேண்டிய இடத்தில் 'சுற்றமும் நட்பும் ஓட' என்று அடுக்கிவிட்டார். முதலாளி பிழை பார்க்கிற புரூப் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வேய், இவங்க ஆளுங்கள அழைக்காங்களா, விரட்டுதாங்களா?"

ஆனால் மதினிக்கு உண்மையாகவே ஒரு கவலை இருந்தது. தங்கச்சி கோமதிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா இல்லாத பெண். அந்த வீட்டில் ஆண் என்று எழுந்து நிற்க மூத்த மாப்பிள்ளையான அண்ணாச்சி ஒருவர்தான். வந்த இரண்டு வரனும் பாதியில் நழுவிவிட்டன. "அக்கா புருசன் அரை டவுசரோட ரோட்டுல ஓடுதாராம். அந்த வீட்டுல கிறுக்கு இருக்கும் போலயே" என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். மூன்றாவதாக, பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவரின் மகன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலகரத்தில் மதினியின் அம்மா வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றி உறுதி செய்துகொள்வதாகப் பேச்சு.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் ஊரில் சில இளைஞர்கள் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். தென்காசியில் புறப்பட்டு ஐந்தருவி போய்த் திரும்ப வேண்டும். வருஷக்கணக்காகத் தன்னந்தனியாக ஓடியவருக்கு நாலு பேரோடு சேர்ந்து ஓடக் கிடைத்த முதல் நாள்.

"அன்னைக்கு நீங்க ஓடப்பிடாது. இதுவும் போச்சுன்னா எந்தங்கச்சி அந்த வீட்டுலயே நரைச்சுப் போவா" என்றாள் மதினி.

"சரி" என்றார். அந்தச் சரிக்கு, காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம்.

மதினி முதல் நாளே மேலகரம் போய்விட்டாள். பலகாரம் செய்ய நானும் கிளம்பியபோது, அண்ணாச்சி வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் என்னிடம் கொடுத்தார்.

"பந்தயம் அந்த வீட்டு வழியாத்தான் போவுது, தங்கச்சி. வரும்போது பொறவாசல்ல இறங்குதேன். தட்டு மாத்திட்டு மறுபடி ஏறிக்கிடுதேன்."

முடியாது என்று சொல்ல எனக்கு எப்போதுமே வாய் வராது.

அன்றைக்குப் பார்த்து நல்ல சாரல். மாப்பிள்ளை வீட்டார் கேசரியை முடித்துவிட்டார்கள். மூத்த மாப்பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு, பஸ் லேட்டு என்று சொல்லிச் சொல்லி மதினியின் முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் அண்ணாச்சி புறவாசலில் வந்து நின்றார். நெஞ்சில் நம்பர் துணி குத்திய பனியன் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதன் மேலேயே சட்டையை மாட்டி, வேட்டியைச் சுற்றி உள்ளே தள்ளிவிட்டேன்.

உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போகப் போக, அவருடைய முழங்கால் தானாக ஆடியது.

"தம்பிக்கு வயிறு சரியில்லையோ? பொறவாசல் போகணும்னா போயிட்டு வாங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அங்கருந்துதான் வாரேன்" என்றார் அண்ணாச்சி.

அதற்குள் ஈரம் சட்டைக்கு ஏறி, மட்டமான தாளில் மை ஊறுகிற மாதிரி நம்பர் வெளியே தெரிய ஆரம்பித்தது.

"நெஞ்சுல என்ன தம்பி நம்பரு?"

"சலவைக் குறி" என்றாள் மதினி சட்டென்று.

"இவ்ளோ பெருசாவா?"

நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"பந்தய நம்பரு, ஐயா. ஓடிக்கிட்டு இருக்கேன். கோமதிக்கு அப்பா இல்ல. மூத்த மாப்பிள்ள இல்லாம தட்டு மாத்தப்பிடாதுன்னு இறங்கி வந்தேன். கிறுக்குன்னா அது என் ஒருத்தனுக்குத்தான். இவங்க ரத்தத்துல கிடையாது. நான் வெளிய இருந்து வந்தவன்."

மதினி கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த மாப்பிள்ளையின் அம்மா, வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"ஓடிக்கிட்டு இருக்குத மனுசன் கொழுந்தியாளுக்காக நின்னு வந்திருக்காரு. எங்க வீட்டுக்காரரு கடையில ஒக்காந்தேதான் இருக்காரு. எந்தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தாரான்னு கேளுங்க."

"அன்னைக்குத் தக்காளி லோடு வந்துட்டுல்லா..." என்று இழுத்தார் அவர்.

"நீங்க தட்ட எடுங்க."

தட்டு கை மாறியது. குங்குமம் வைத்துக்கொண்ட கையோடு அண்ணாச்சி வேட்டியை உருவிப் போட்டுவிட்டு அரை டவுசரோடு ஓடினார். மதினி அதை மடித்து வைத்தாள். எல்லாரும் கிளம்பிப் போன பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, வா. பஸ் வருது."

அவர் ஓட்டம்தான் தெரியுமே. பாதி வழியிலேயே பஸ் அவரைப் பிடித்துவிட்டது. சாரலில் நனைந்து ஓடுகிற மனிதரைப் பார்த்து டிரைவர் பாவப்பட்டு வண்டியை மெதுவாக்கினார். மதினி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள்:

"ஏறிராதீய! ஓடுங்க! நான் முன்னால போய் நிக்கேன்!"

நாங்கள் போய் இறங்கும்போது பரிசெல்லாம் கொடுத்து முடித்து, பந்தய முடிவில் கட்டியிருந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். "இன்னும் ஒராளு வரணும்" என்று மதினி அதைப் பிடுங்கினாள். ஒரு முனையைத் தான் வைத்துக்கொண்டு மறுமுனையை என்னிடம் கொடுத்தாள். நடு ரோட்டில் எல்லாரும் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அண்ணாச்சி வந்து சேருகிறவரை நான் கயிற்றை விடவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. அண்ணாச்சி நேரத்துக்கு வேலைக்கு வந்தார். மத்தியானம் வரை நின்றுகொண்டே எழுத்து அடுக்கினார். அப்புறம் கெண்டைக்காலை நீவிக்கொண்டே ஒரு ஸ்டூல் கேட்டார். எடுத்துப் போட்டேன்.