குழாய்க்கு எதிராக மூன்று பக்கம்

என்னிடம் யாராவது அபிப்பிராயம் கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. இதை ஒரு வியாதி என்றே ஒப்புக்கொள்கிறேன். இருபத்திரண்டு வயது வரை என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை என்பதுதான் காரணம். பெயர் வைத்தபோது கேட்கவில்லை (அது நியாயம்). கல்யாணம் நிச்சயம் செய்தபோதும் கேட்கவில்லை (இது அவ்வளவு நியாயமில்லை). அப்படிப்பட்டவனிடம் முதன்முதலாக அபிப்பிராயம் கேட்டவர்கள் கல்கத்தாவில் முனிசிபல் ஆபீஸ்காரர்கள். அதையும் சுவரில் ஒட்டிக் கேட்டார்கள்.

டிராம் வண்டி குதிரையை விட்டு மின்சாரத்துக்கு மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். நான் ஒரு சணல் கம்பெனியில் டைப்பிஸ்ட். பவானிபூரில் ஒரு சந்துக்குள், ஒரு வீட்டு மாடியில், தமிழ்ப் பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து மெஸ் வைத்திருந்தோம். சமையலுக்கு மாயவரத்திலிருந்து வந்த சாமிநாதய்யர்.

சந்து முனையில் ஒரு குழாய் இருந்தது. கங்கைத் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே கொண்டு வரும் குழாய். தெரு கழுவுவதற்காக வைத்தது. வடிகட்டிய குடிதண்ணீருக்குப் பெரிய தெருவில், டிராம் பாதையைத் தாண்டி, வேறு குழாய். எங்கள் வீட்டுக்காரர் வசதியுள்ளவர், அதனால் எங்களுக்குக் குடிதண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். சந்தின் கோடியில் இருந்த ஓட்டு வீடுகளுக்கு அப்படி வராது என்பதை இரண்டு வருஷமாக நான் கவனிக்கவில்லை. காலையில் பெண்கள் குடத்தோடு போவதைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் குடத்தோடு போவது எந்த ஊரில்தான் இல்லை என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் ஆபீசிலிருந்து வரும்போது சுவரில் அந்த நோட்டீஸ். தெரு கழுவும் குழாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குடிதண்ணீர்க் குழாய் வைக்க உத்தேசம். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதித் தெரிவிக்கலாம், நேரிலும் வந்து சொல்லலாம். மூன்று தடவை படித்தேன். எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனால் இவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது ஒன்றுமில்லை என்று போவது நன்றாகவா இருக்கும்?

அதோடு ஓர் ஆவலும் பிடித்துக்கொண்டது. குழாய் எங்கே நிற்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். விளக்குக் கம்பம், சாக்கடை, குழாய் எல்லாம் ஊரோடு கூடவே பிறந்தவை என்று நினைத்திருந்தேன். அந்த அறை எப்படி இருக்கும்? யார் யார் பேசுவார்கள்? சண்டை வருமா, கை தூக்குவார்களா? பார்த்தே ஆக வேண்டும். உள்ளே போக எனக்குத் தெரிந்த ஒரே வழி ஆட்சேபிப்பது.

ஆட்சேபத்துக்குக் காரணம் சமையலறையில் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னதும் சாமிநாதய்யர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ன ஓய் அக்கிரமம்! வடிகட்டின ஜலம் தோல் வாஷர் வழியா வரது. அதுல மடி ஏது, பூஜை ஏது? கங்கையை எடுத்துட்டா நான் ஊருக்கு வண்டி ஏறிடுவேன், பாத்துக்கோ!"

(கங்கைக் குழாயிலும் அதே தோல்தான். அதைச் சொன்னால் அவருக்குக் காது கேட்காது.)

மூன்று பக்கம் அடித்தேன். ஓர் எழுத்துப் பிசகில்லை, ஓர் அடித்தல் இல்லை. கங்கையின் பெருமை முதல் பக்கம், இந்துக்களின் மனம் புண்படுவது இரண்டாவது பக்கம். மூன்றாவது பக்கத்தைக் கம்பீரமாக முடிக்க ஒரு வாக்கியம் தேவைப்பட்டது: "நானே இந்த நீரைத் தினமும் பருகிப் பூரண ஆரோக்கியத்தோடு இருக்கிறேன்." சுத்தப் பொய். அதில் குளித்திருக்கிறேனே தவிர ஒரு வாய் குடித்ததில்லை.

பத்து நாள் கழித்து முனிசிபல் ஆபீஸ் பியூன் கடுதாசி கொண்டு வந்தான். நாளை மறுநாள் விசாரணை, நேரில் வரவும். கடுதாசி வந்த மறுநாள் மாலை, ஓட்டு வீட்டு மாஷிமா மாடியேறி வந்தாள். சந்தில் எல்லோருக்கும் அவள் மாஷிமாதான், சின்னம்மா மாதிரி. கூடவே அவள் அக்கா மகன், தச்சு வேலை செய்யும் நிதாய். கையில் ஒரு தட்டு நிறையச் சந்தேஷ். பாலைத் திரியவைத்து அவளே வீட்டில் செய்த இனிப்பு.

"குழாய்க்காக நீ இங்கிலீஷ்ல மூணு பக்கம் எழுதியிருக்கியாமே பாபா? நாங்க யாருமே எழுதலையே. எங்களுக்கு எழுதத் தெரியாதே!" என்றாள் வங்காளியில்.

என் அரைகுறை வங்காளிக்கே இது நன்றாகப் புரிந்தது. குழாய்க்காக அல்ல அம்மா, குழாய்க்கு எதிராக. இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "ஆமாம் மாஷிமா" என்றேன்.

"இருபது வருஷமா டிராம் பாதையைத் தாண்டிக் குடம் சுமக்கறேன். போன மழைக்கு வழுக்கி விழுந்தேன், பாரு." இடது மணிக்கட்டைக் காட்டினாள். எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. "அந்த மாசம் பிள்ளைங்க இந்தத் தெரு கழுவற தண்ணியைத்தான் குடிச்சுதுங்க. நிதாயோட பெரியவனுக்கு வாந்திபேதி. பிழைச்சதே காளி புண்ணியம்."

நிதாய் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இரண்டு வருஷம் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக்கூடக் கேட்டறியாமல், கேட்காத கங்கைக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கப்பட்டுக்கொண்டே நான் நாலு சந்தேஷ் தின்றேன்.

காலையில் போய் வாபஸ் வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன். ஆனால் வாசலில் நிதாயும் இன்னும் நாலு பேரும் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு என்னை அழைத்துப் போக நின்றார்கள். மாப்பிள்ளை அழைப்பு மாதிரிதான் போனோம்.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் ஒரு வயதான வக்கீல், சால்வை போர்த்தியிருந்தார். பக்கத்தில் ஒரு டாக்டர். மூன்றாமவர் வெள்ளைக்கார இன்ஜினீயர். வார்டு முழுவதற்கும் ஆட்சேபம் சொன்னவன் நான் ஒருத்தன்தான். அதனால் அவர்களுக்கு என்னைப் பார்த்ததில் அப்படி ஒரு சந்தோஷம்; எனக்காக அடுத்த அறையிலிருந்து நாற்காலி வந்தது. நிதாய் கூட்டம் பின்னால் சுவரோரம் நின்றது.

"சார், நான் ஒன்று சொல்ல வேண்டும். இதை நான்..." என்று இழுத்தேன்.

"பயப்படாதீர்கள். ஜனங்கள் வந்து பேச வேண்டும் என்றுதானே இதை வைத்திருக்கிறோம்? தைரியமாகப் படியுங்கள்" என்றார் தலைவர்.

அபிப்பிராயம் கேட்டுவிட்டார்! முதல் பாராவில் என் குரல் நடுங்கியது. இரண்டாவது பாராவில் என் இங்கிலீஷ் எனக்கே பிடித்துப்போயிற்று. மூன்றாவதில் வாபஸ் என்ற சங்கதியே மறந்துபோயிற்று. ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் பின்னாலிருந்து நிதாய், ஓர் அட்சரம் புரியாமல், "ஷாபாஷ்" என்றான்.

கடைசி வாக்கியத்தில் டாக்டர் கையை உயர்த்தினார்.

"தினமும் குடிக்கிறீர்களா?"

"ஆமாம் சார்."

"அப்படியேவா? காய்ச்சாமலா?"

"ஆமாம் சார்." (பொய்யில் பாதிவழியில் எங்கே இறங்குவது?)

டாக்டர் பியூனைக் கூப்பிட்டார். ஆபீஸ் தோட்டத்திலும் அதே கங்கைக் குழாய் இருந்தது. அவன் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வந்து மேஜையில் வைத்தான். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அதற்குள் ஏதோ நகர்ந்தது.

டாக்டர் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தளவு மீன்குஞ்சு. "மௌரலா" என்றார். தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்து, "மௌரலா இவ்வளவு தட்டையாகவா இருக்கும்? இது பூன்ட்டி" என்றார். மீன் வந்துவிட்டால் வங்காளிகளுக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான். கங்கையும் குழாயும் மறந்து இரண்டு பெரியவர்களும் வால், செதில் என்று விவாதித்தார்கள். இன்ஜினீயர் கடிகாரத்தைப் பார்த்தார். நகரத்தின் தீர்மானங்கள் எப்படி உருவாகின்றன என்று பார்க்கத்தானே வந்தேன்? பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டாக்டர் என்னிடம் திரும்பினார். "நீங்கள் குடிக்க வேண்டாம். அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள், போதும்."

எவ்வளவு தங்கமான மனிதர்! அதோடு என் ஆட்சேபமும் செத்திருக்கும், மாஷிமாவுக்குக் குழாயும் வந்திருக்கும். ஆனால் பேனாவைக் கையில் எடுத்ததும் அந்த மூன்றாவது பக்கத்தைப் பார்த்தேன். ஓர் அடித்தல் இல்லாத பக்கம். டைப்பிஸ்ட்டுக்கு அதைவிட வேறு சொத்து ஏது? "நான் அடித்ததை நான் அடிப்பதில்லை" என்றேன். புத்தி கெட்ட பயல்.

டம்ளரை எடுத்தேன். மேலாக ரெண்டு வாய் குடித்துவிட்டு மீனை அடியில் விட்டுவிடுவது என்பது என் திட்டம். உதட்டில் வைத்துக் குடிக்கிறவனுக்கு அது முடியும், பல்லாலேயாவது தடுத்துக்கொள்ளலாம். எனக்கோ ஆசாரம்! யாரோ எச்சில் பண்ணிய டம்ளரில் வாய் வைக்கலாமா? பிறந்ததிலிருந்து பழகியபடி தலையை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து தொண்டைக்குள் நேராக ஊற்றினேன். மௌரலாவோ பூன்ட்டியோ, அது வந்த வழியே தெரியாமல் போயிற்று. தெரியாமல் என்ன? தொண்டையில் ஒரு தடவை வாலை ஆட்டிவிட்டுத்தான் போயிற்று.

டாக்டர் காலி டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

"ஐயையோ! முழுங்கிட்டேனே!" என்று தமிழில் அலறிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். அங்கே ஒரு பூந்தொட்டி இருந்தது. அதற்கு நான் செய்ததை இங்கே எழுதுவதற்கில்லை. மீன் மட்டும் வரவில்லை. திரும்பி வரும்போது தலைவர் குமாஸ்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆட்சேபம் தெரிவித்தவரே தேவையான சாட்சியத்தைக் கொடுத்துவிட்டபடியால், குடிதண்ணீர்க் குழாய் வைக்க அனுமதிக்கப்படுகிறது. எழுதிக்கொள்."

நிதாய் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "மீனைக் கையால தொடாத பிராமணன்! இந்தத் தண்ணி எவ்வளவு மோசம்னு காட்டறதுக்காக உயிரோட முழுங்கிட்டாரே!" என்று அழுதான். வாயைத் திறக்கிற நிலையில் நான் இல்லை.

மெஸ்ஸில் சாமிநாதய்யர் என்னைப் பந்தியில் உட்கார விடவில்லை. மூன்று நாள் கூடத்து மூலையில் தனி இலை. பிராயச்சித்தம் என்ன என்று கேட்டேன். "கங்கையில முழுகி, மூணு கை கங்கா ஜலம் சாப்பிடணும்" என்றார். "மாமா, மீன் வந்ததே அதுலேர்ந்துதானே?" என்றேன். தனி இலை ஒரு வாரமாயிற்று.

அடுத்த மழைக்கு முன் குழாய் வந்தது. சந்தே கூடி நின்றது. மாஷிமா முதல் குடத்தைப் பிடித்து, அதிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, என்னிடம் கொண்டு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: நான் எழுதியது அவளுக்கு விரோதமாக, மீன் உள்ளே போனது என் திமிரால்.

"தெரியும் பாபா. அந்த பியூன் நிதாயோட மச்சான்தானே? அன்னிக்குச் சாயங்காலமே சொல்லிட்டான்."

"பின்னே ஏன் என்னைத் திட்டலை?"

"திட்டத்தான் மாடியேறி வந்தேன். நீ மூலையில தனியா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தே. பாவமாப் போச்சு, இறங்கிட்டேன்." கோணல் கையால் டம்ளரை நீட்டினாள். "குடி. இதுல மீன் இல்லை. வேணும்னா போட்டுத் தரேன்."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் கையிலிருந்து வாங்கி அப்படியே குடித்தேன்.

அடுத்த வருஷம் என் மனைவி கல்கத்தா வந்தாள். வங்காளியில் ஒரு வார்த்தை தெரியாதவளுக்கு முதல் வாரத்திலேயே இந்தக் கதை முழுவதையும் மாஷிமா ஜாடையில் நடித்துக் காட்டிவிட்டாள், வால் ஆட்டியது உட்பட. அன்றிலிருந்து என் வீட்டில் எனக்குத் தண்ணீர் சும்மா வந்ததில்லை. "மீன் இல்லை, தைரியமாக் குடியுங்கோ" என்று மனைவி. அதே வசனம் பிறகு மருமகள். மாஷிமா காலமாகி எத்தனையோ வருஷமாயிற்று. இப்போது நாங்கள் இருப்பது லேக் மார்க்கெட் பக்கம். நேற்று, தமிழைவிட வங்காளி நன்றாகப் பேசும் என் பேத்தி டம்ளரை நீட்டி, "தாத்தா, மாச் நேய்" என்றாள். மீன் இல்லையாம். எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.