எங்கள் வாசலுக்கு ஆம்புலன்ஸ் வந்த விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் முழங்கால் வலியும் அவ்விடம் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வாசலில் ஆம்புலன்ஸ் நின்ற செய்தி கேட்டுத் தாங்கள் இருப்புக் கொள்ளாமல் தவிப்பதாக மருமகள் சொன்னாள். தவிக்க வேண்டாம், கிளம்பி வரவும் வேண்டாம். ஊர் வாய் எதற்கும் கண், காது, மூக்கு வைத்துத்தான் சொல்லும். நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் தங்கள் மகள் எனக்கு வாங்கிக் கொடுத்த புதுப் போன். குறையாகச் சொல்லவில்லை. தங்கமான பெண், தங்கமான போன். அதன் பக்கவாட்டிலுள்ள பொத்தானை ஐந்து தடவை அழுத்தினால் அவசர உதவி நிலையத்துக்கே அழைப்பு போய்விடுமாம். "மாமா, ஏதாவது ஒண்ணுன்னா யோசிக்கவே யோசிக்காதீங்க, அழுத்துங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். யோசிக்காமல் அழுத்துவதற்கு நான் எதற்கு, என் கால்சட்டையின் பின்பையே போதும் என்பது முடிதிருத்தும் கடையில்தான் தெரிந்தது. நாற்காலியில் ஏறி, நெளிந்து, சரியாக உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், "சொல்லுங்க, உங்களுக்கு என்ன அவசரம்?" என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டே, "எனக்கு ஒரு அவசரமும் இல்லப்பா, நிதானமா வெட்டு" என்றேன். "நான் ஒண்ணுமே கேக்கலையே சார்" என்றார் கடைக்காரர். அப்புறம்தான் பேசியது என் பின்பை என்று புரிந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவன் போலப் பதறிப்போய் போனை அணைத்தேன்.

அதுதான் நான் செய்த தப்பு. உடனே திரும்பி அழைத்தார்கள். தெரியாத எண், நானோ தினம் பேப்பரில் மோசடிச் செய்தி படிக்கிறவன். "சார், நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்ட பெண்ணிடம், "அட்ரஸ் சொன்னா அடுத்து பாங்க் நம்பர் கேப்பே, நான் பாக்காத ஆளா?" என்று சீறிவிட்டு மறுபடியும் வைத்துவிட்டேன். பிறகு கூப்பிட்டதற்கு எடுக்கவேயில்லை. தலை பாதி வெட்டி முடிப்பதற்குள், போன் சிக்னலைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் போலீஸ் வண்டி. உள்ளே வந்த காவலர் பார்த்த காட்சியைத் தாங்களே மனக்கண்ணில் பாருங்கள்: கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, முழி பிதுங்க நான், என் கழுத்தருகே சவரக்கத்தியுடன் கடைக்காரர். "கத்தியக் கீழ போடு" என்றார் காவலர். அன்றிலிருந்து அந்தக் கடையில் எனக்கு மரியாதையும் இல்லை, கிருதாவும் ஒரே அளவாக இல்லை.

காவலர் அந்தப் பெண்ணையே போனில் பிடித்து என்னிடம் கொடுத்தார். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்தியது. "தெரியாம கை பட்டா கட் பண்ணிடாதீங்க சார். லைன்லயே இருந்து, தெரியாம பட்டுடுச்சு, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. நீங்க பாட்டுக்கு வெச்சுட்டா உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னுதான் நாங்க நினைப்போம். உங்களைத் தேடி அலையற வண்டி, நிஜமா மூச்சு முட்டறவருக்குப் போக வேண்டிய வண்டி" என்றாள். "அப்புறம், நிஜமாவே கூப்பிடறப்போ முதல்ல இடத்தைச் சொல்லிடுங்க. பாதியில லைன் போனாலும் நாங்க வந்துடுவோம்."

சம்பந்தி, நான் திருந்தினேன். போன் சட்டைப்பைக்கு மாறியது. எங்கள் கட்டடத்தையும் திருத்தினேன். கரண்ட் எப்போது வரும் என்று அவசர எண்ணைக் கூப்பிட்டு விசாரிக்கும் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் படிக்கட்டில் நிற்க வைத்துப் பாடம் எடுத்தேன். "கேட்டா சொல்ல மாட்டாங்களா?" என்றார். "உங்க தையல் மெஷினுக்கு மூச்சு முட்டுதா?" என்றேன். அதற்கப்புறம் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தருவதில்லை.

இனிதான் விஷயம். போன வாரம் மத்தியானம் மாடி டிராயிங் மாஸ்டருடன் எனக்குப் படிக்கட்டில் வாக்குவாதம். அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். தொட்டி நிரம்பி எங்கள் ஜன்னலில் அருவி கொட்டும். "மோட்டாரைப் போட்டது நான்னு யார் சொன்னா?" என்று கத்தியவர், அடுத்த வாக்கியத்தில் "மோ... மோ..." என்று இழுத்தார். எனக்குப் பழிப்புக் காட்டுகிறார் என்று நானும் ஒரு "மோ" சொன்னேன். சொன்ன பிறகுதான் அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்திருப்பதைக் கண்டேன். கைப்பிடியைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். என் ஈரக்குலை நடுங்கிவிட்டது.

ஆனால் கை நடுங்கவில்லை. ஐந்து தடவை அழுத்தினேன். எடுத்த எடுப்பில் தெரு, கட்டடம், மாடி, பக்கத்து மரக்கடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "குரல் தெரிஞ்ச மாதிரி இருக்கே. மறுபடியும் போன் மேல உட்கார்ந்துட்டீங்களா சார்?" என்றாள் அந்தப் பெண். "இல்லம்மா, இந்தத் தடவை வேற ஒருத்தர் உட்கார்ந்துட்டாரு. எழுந்திருக்க மாட்டேங்கறாரு" என்றேன். மறுகணம் அவள் குரல் மாறியது. முகம் கோணியிருக்கிறதா பாருங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று அடுக்கினாள். சற்றும் கலங்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். "மோட்டாருக்காக என்னைத் திட்டினப்ப ரொம்ப நல்லா இருந்தாரு" என்றேன். தண்ணீர்ச் செம்புடன் ஓடிவந்த என் மனைவியைத் தடுத்தேன். தையல்காரம்மாவைத் தெருமுனையில் நின்று வண்டிக்குக் கை காட்டச் சொன்னேன். வண்டி வந்தது, மாஸ்டரை ஏற்றியது, பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அவர் முதன்முதலாகத் தெளிவாகச் சொன்ன சொல் "மோட்டார்". அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குக் கண் கலங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆகவே, ஆபத்து நேரத்தில் நிலைகுலையாத ஒருவர் இவ்வீட்டில் இருக்கிறார் என்று தாங்கள் நிம்மதியாக இருக்கலாம். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். சின்னக் குழந்தைகளுக்கு ஆசிகள்; போன் பொத்தானை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: அண்ணா, இதை ஒட்டிப் போடச் சொல்லி இவர் என்னிடம் கொடுத்தார். படிக்காமல் எப்படி ஒட்டுவது? அட்ரஸ் சொன்னது வரைக்கும் இவர்தான். முகம் கோணியிருக்கிறதா என்று கேட்டதும் குனிந்து பார்த்தவர், அப்படியே மாஸ்டர் பக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டார். மிச்சம் பேசியது முழுக்க நான். செம்புடன் வந்தவர் தையல்காரம்மா. தண்ணீர் இவர் முகத்துக்குத்தான் ஆயிற்று. வண்டியில் வந்தவர், "இதுல யாரும்மா பேஷண்ட்?" என்றார். "வாய் கோணினவரு. இன்னொருத்தர் சும்மா துணைக்கு" என்றேன். இருவரையும்தான் ஏற்றினார்கள்.

ஆனால் அண்ணா, மாஸ்டர் சரிந்ததும் முதலில் எனக்கு நாக்கே எழவில்லை. விழுவதற்கு முன் இவர் அட்ரஸைக் கொட்டியிருக்காவிட்டால் வண்டி வர நேரமாகியிருக்கும் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். இதை இவரிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் தலைகால் புரியாது. மாஸ்டரை விரல் பழகப் படம் போடச் சொல்லியிருக்கிறார்கள். கோணல்மாணலாக முதல் படம் போட்டு இவருக்குக் கொடுத்தனுப்பினார்: படிக்கட்டில் இரண்டு பேர் தோளோடு தோள் சாய்ந்து கிடக்கிறார்கள். கிழித்துப் போட்டுவிட்டேன் என்றார் இவர். இவருடைய சட்டைகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஒரு நடை வாருங்கள், காட்டுகிறேன்.