வெள்ளவத்தையில் பின்பனிக் காலம்

மாசி மாதம். காலை எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் வெயில். அந்த வெயிலில் நாற்பது பேர் சால்வை போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவசரப்பட்டுப் பைத்தியங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் படித்தவர்கள்.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடியில், ருதுசித்தர் வந்து இறங்கியிருந்தார். இமயமலையில் பன்னிரண்டு வருடம் இருந்தவராம். காலத்துக்கு ஏற்ற சாப்பாடு நல்லது என்று ஆயுர்வேதம் சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும், யார் மறுத்தார்கள்? ஆனால் சித்தர் வர்ணத்தில் அச்சடித்து விற்ற அட்டவணையில் ஆறு பருவம் இருந்தது. கொழும்பில் நமக்குத் தெரிந்தது இரண்டு: வியர்க்கிற காலம், வியர்த்துக்கொண்டே நனைகிற காலம். சித்தர் கணக்கில் இது பின்பனி. அட்டவணையின் மூலையில் பனிமலைப் படம்கூட இருந்தது. பிறகென்ன, சனம் சால்வை வாங்கியது.

சித்தரின் பெரிய அற்புதம் ஒரு வெள்ளைக் கிண்ணம். அதில் மஞ்சள் நிறத் தீர்த்தம். வீட்டுச் சாப்பாட்டை டிபன் கரியரில் கொண்டுபோனால், விரலால் ஒரு துளி எடுத்து விடுவார். நிறம் மாறாவிட்டால் சாப்பிடலாம். இரத்தச் சிவப்பானால் ருது தோஷம், அதாவது பருவத்துக்கு ஒவ்வாத சாப்பாடு. தோஷத்துக்கு அவரிடமே சூரணப் பைக்கற் உண்டு. அந்தச் சூரணத்தைக் கிண்ணத்தில் போட்டால் தீர்த்தம் ஒருநாளும் சிவக்காது. சொந்தப் பிள்ளை அல்லவா!

நாகேஸ்வரி ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். கள்ள நோட்டைத் தடவியே கண்டுபிடிப்பவர். கணவர் பொன்னம்பலம் எஞ்சினியர், பாலம் கட்டியவர். இருவருமாகப் போய் பொன்னம்பலத்தின் இன்சுலினைச் சித்தரிடம் காட்டினார்கள். ஒரு துளிதான். கிண்ணம் சிவந்தது.

"பனிப்பெட்டியில் உறங்கும் மருந்து! பனிக்காலத்தில் பனியையே உடம்பில் ஏற்றுகிறீர்களே!" என்றார் சித்தர்.

எஞ்சினியருக்கு இது நியாயமாகப் பட்டது. ஊசி நின்றது. அட்டவணைப்படி நெய்யும் எள்ளுருண்டையும் சர்க்கரையும் வந்தன. மூன்று வாரத்தில் கால் பெருவிரலில் இருந்த சின்னப் புண் பெரிதாகி நாறத் தொடங்கியது.

அந்தப் புண்ணுக்குத் தினமும் துணி மாற்றியவர் ஆறாயி. ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து அவர்கள் வீட்டில் சமைப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் எடுபிடி வேலை.

"ஐயாவுக்கு ஊசி போடுங்கம்மா. இப்படியே விட்டா காலையே எடுத்துருவாங்க."

"உனக்கு உதுகள் விளங்காது, ஆறாயி. இது தோஷம் வெளியேறுறது."

அன்று சித்தரிடம் போனபோது பொன்னம்பலத்தால் படி ஏற முடியவில்லை. ஆறாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அப்படித்தான் ஆறாயி முதன்முறையாகக் கிண்ணத்தைப் பார்த்தார்.

முன்னால் நின்ற கணக்காளர் சிவபாலனின் கத்தரிக்காய்க் குழம்பு கிண்ணத்தில் விழுந்தது. சிவப்பு! "ஐயோ!" என்றது சனம். ஆறாயி சித்தரின் கையைப் பார்த்தார். பக்கத்தில் வெற்றிலைத் தட்டு. மோதிர விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ. குழம்பைத் தொட்டது அந்த விரல். சூரணத்தைத் தொட்டதோ சுட்டுவிரல்.

பொன்னம்பலத்தின் முறை வந்தது.

"சாமி, ஒரு நிமிசங்க. கையைக் கழுவிட்டுத் தொடுங்க," என்றார் ஆறாயி.

"என்ன?"

"கொரோனா நேரத்துல பழகுனதுங்க. சோப்பு போட்டு."

"விரலில்தான் அம்மா சக்தியே இருக்கிறது. சோப்பு பட்டால் போய்விடும்!"

இமயமலையில் பன்னிரண்டு வருடம் சேர்த்த சக்தி, சோப்புக்குத் தாங்காதாம்.

"ஆறாயி, வாயை மூடு!" நாகேஸ்வரிக்கு முகம் சிவந்தது. கிண்ணத்தைவிடச் சிவப்பு.

ஆறாயி மூடவில்லை. தட்டிலிருந்த சுண்ணாம்பை விரலில் தொட்டார். அதே விரலால் சித்தரின் சூரணத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, பொன்னம்பலத்துக்காக ஊற்றிவைத்த புதிய தீர்த்தத்தில் கலக்கினார். இரத்தச் சிவப்பு.

"ஒங்க மருந்துக்கே தோஷமுங்களா, சாமி?"

 ஆறாயி சேலைத் தலைப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை அவிழ்த்தார். வீட்டு பிரிட்ஜில் இருந்த இன்சுலின்; ஐயா மனம் மாறினால் உடனே போடலாமென்று முடிந்துகொண்டு வந்தது. இன்னொரு கிண்ணத்தில் தீர்த்தம். கழுவிய கரண்டி. ஒரு துளி, இரண்டு துளி, பத்துத் துளி. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு. ஞாயித்துக்கிழமையானா மண்டபத்துல நான் கலக்குற ஆலாத்திங்க இது. நீங்க எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளைக்குச் சுத்துனதுதான!"

நாற்பது பேரும் சுற்றியவர்கள்தான். சிலர் போன கிழமைகூடச் சுற்றினார்கள்.

"ஓ..." என்றார் சிவபாலன்.

அதற்குள் சித்தர் பின்படியால் இறங்கிவிட்டார். இமயமலைக்காரர் வெயிலில் நன்றாகவே ஓடினார்.

நாகேஸ்வரி கணவரின் சால்வையை உருவி எறிந்துவிட்டு, அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு திறீவீலரில் ஏறினார். ஆஸ்பத்திரியில் பெருவிரலை எடுத்தார்கள். "இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் முழங்காலுக்குக் கீழ் இல்லை," என்றார் டொக்டர். அன்றிரவு நாகேஸ்வரி ஆறாயியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நம் சனத்தை உங்களுக்குத் தெரியாதா?

மறுவாரம் நாகேஸ்வரி வீட்டு வாசல் மணி அடித்தது. சிவபாலன். கையில் டிபன் கரியர். அவருக்குப் பின்னால் மாடிப்படி முழுக்க ஆட்கள்.

"ஆறாயி அக்கா, நீங்கள்தான் உண்மையான ஞானி. என்ர சாப்பாட்டையும் ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ. இந்தப் பருவத்துக்கு ஆகுமோ?"

ஆறாயி அவரை மேலும் கீழும் பார்த்தார். சால்வை இன்னும் தோளில்தான் இருந்தது.

"சந்தையில எது குவிஞ்சு கெடந்து மலிவா விக்குதோ, அதுதாங்க சீசன். அத வாங்கிச் சாப்பிடுங்க. வருத்தம்னா டாக்டர்கிட்ட போங்க."

"அவ்வளவுதானோ? வேறை பத்தியம் ஒண்டும் இல்லையோ?"

"ஒன்னே ஒன்னு இருக்குங்க. தெனமும் கொஞ்சம் யோசிங்க. அது மட்டும் ஆறு பருவத்துக்கும் ஆகும்."

கதவு சாத்திக்கொண்டது.